அப்பா கையில் இரண்டு போன் இருக்கட்டும்

கேள்வி: எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டி பக்கம். அப்பாவுக்கு 69 வயது. மூன்றரை ஏக்கர் சம்பா. நெல் போட்ட பணம் பேங்கில் ஏறிய மறுவாரம், வாட்ஸ்அப்பில் 'பி.எம். கிசான்' என்று ஒரு ஃபைல் வந்திருக்கிறது. அனுப்பியது பக்கத்துத் தெரு மாமா. அப்பா அதைத் தொட்டு, கேட்டதையெல்லாம் போட்டிருக்கிறார். அன்று ராத்திரியே மூன்று தடவையாக 41,500 ரூபாய் போய்விட்டது. மறுநாள் பேங்குக்கு ஓடினோம், கணக்கை முடக்கினார்கள். போனது போனதுதான், வெளியே தெரிந்தால் அசிங்கம் என்று அண்ணன் சொன்னதால் போலீசுக்குப் போகவில்லை. அண்ணன் அப்பாவின் போனைப் பிடுங்கி, அணைத்து, பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு ஒரு பட்டன் போன் வாங்கிக் கொடுத்துவிட்டு சென்னைக்குப் போய்விட்டார். பன்னிரண்டு நாளாகிறது. அப்பா யாரோடும் சரியாகப் பேசுவதில்லை, டீக்கடைக்கும் போவதில்லை. இனிமேல் போன் கொடுப்பதாக இருந்தால், அவர் என்ன பார்க்கிறார் என்று நாங்கள் இங்கிருந்தே பார்க்கிற மாதிரி ஒரு ஆப் போட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்கிறார் அண்ணன். என்ன செய்வது?
- கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

மற்றதெல்லாம் அப்புறம். இதைப் படித்து முடித்ததும் 1930க்கு போன் செய்யுங்கள். இணையவழிப் பண மோசடிக்கென்றே நாடு முழுவதும் இருக்கிற உதவி எண் அது. பணம் எந்தக் கணக்குக்குப் போனது, அங்கிருந்து எங்கே போனது என்று அவர்கள் பின்தொடர்ந்து, வழியில் எந்தக் கணக்கில் மிச்சம் நிற்கிறதோ அதை முடக்கச் சொல்வார்கள். முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் சொல்லியிருந்தால் வாய்ப்பு அதிகம். பன்னிரண்டு நாள் கழித்துச் சொன்னால் குறைவு. குறைவுதானே தவிர, இல்லை என்று யாரும் முடிவு கட்ட முடியாது. புகார் எண் ஒன்று தருவார்கள், அதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதன்பின் அப்பாவை அழைத்துக்கொண்டு திருவாரூர் மாவட்ட சைபர் க்ரைம் காவல் நிலையத்துக்கு நேரில் போய்வாருங்கள். பணம் ஏதாவது முடக்கப்பட்டிருந்தால் அதைத் திரும்பப் பெறுவது எப்படி என்றும் அங்கேயே கேளுங்கள்.

அடுத்தது பேங்க். மறுநாளே போனீர்கள் என்பது உங்கள் பக்கம் இருக்கிற பெரிய பலம். ஆனால் வாயால் சொன்னதோடு வந்துவிட்டீர்கள் என்று நினைக்கிறேன், எழுதிக் கொடுத்ததாகக் கடிதத்தில் இல்லை. இப்போதாவது எழுதிக் கொடுத்து, இன்ன தேதியில் நேரில் வந்து தெரிவித்தோம், அன்றே கணக்கு முடக்கப்பட்டது என்பதையும் அதில் குறிப்பிட்டு, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் கொண்டுவந்த விதிப்படி, தவறு பேங்கிலும் இல்லாமல் வாடிக்கையாளரிடமும் இல்லாமல் மூன்றாம் ஆளால் நடந்த திருட்டு என்றால், மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தவருக்கு நஷ்டம் கிடையாது. வாடிக்கையாளரின் கவனக்குறைவு என்றால், தெரிவிக்கும் வரை போனது அவர் தலையில், தெரிவித்த பிறகு போனது பேங்க் தலையில். 'நீங்களே எல்லா விவரத்தையும் கொடுத்தீர்கள்' என்றுதான் பேங்க் சொல்லும். சொல்லட்டும். வாடிக்கையாளர்மேல்தான் தவறு என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு பேங்குக்கே என்று அதே விதி சொல்கிறது. அப்பா எதை அழுத்தினார், எதைப் போட்டார் என்பதை நடந்தது நடந்தபடி எழுதுங்கள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. இன்னும் சில நாளில் 'உங்கள் பணம் பிடிபட்டுவிட்டது, விடுவிக்க இவ்வளவு கட்டுங்கள்' என்று யாராவது கூப்பிடலாம். ஏமாந்தவர்களின் எண்கள் கைமாறுகின்றன. ஒரு முறை ஏமாந்த வீட்டை இரண்டாம் முறை தட்டுவது இவர்களுக்கு வழக்கம். போலீசோ பேங்கோ பணத்தைத் திருப்பித் தர உங்களிடம் பணம் கேட்க மாட்டார்கள். அப்பாவிடமும் அம்மாவிடமும் இன்றே சொல்லிவையுங்கள்.

இனி அப்பா விஷயம். அன்றைக்கு அவர் கையில் இருந்த போனில் என்ன நடந்திருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிற எனக்கு இப்படி வரும் போன்களைத் திறந்து பார்ப்பதே இப்போது பாதி வேலை. வந்தது தெரியாத எண்ணிலிருந்து இல்லை. தினம் பார்த்துப் பேசுகிற மாமாவின் எண், அவர் போட்டோவோடு. ஃபைலின் பெயரில் பி.எம். கிசான். அதன் வாலில் ஏ.பி.கே. என்று மூன்று ஆங்கில எழுத்து, அவ்வளவு சின்னதாக. தொட்டால் போனில் ஒரு ஆப்பை ஏற்றிவிடுகிற ஃபைல் என்பதற்கு அதுதான் அடையாளம். பி.எம். கிசான் என்பது மத்திய அரசு விவசாயிக்குத் தருகிற உதவிப் பணம், ஆண்டுக்கு 6,000 ரூபாய், 2,000 வீதம் மூன்று தவணை. கேஒய்சி என்கிற ஆதார் சரிபார்ப்பை முடிக்காவிட்டால் தவணை நின்றுபோகும் என்பது எல்லா விவசாயிக்கும் இருக்கிற பயம். தொட்டதும் போன் ஆங்கிலத்தில் ஒரு பெட்டியைக் காட்டி, இந்த இடத்திலிருந்து ஆப் போட அனுமதி இல்லை என்று தடுத்திருக்கும். கீழே செட்டிங்ஸ் என்று ஒரு பட்டன். அதை அழுத்தினால் ஒரு சின்ன சுவிட்ச். சுவிட்சைத் தள்ளினால் ஆப் ஏறும். ஏறியதும் எஸ்.எம்.எஸ். படிக்க அனுமதி கேட்கும். இது எல்லாமே ஆங்கிலம். தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவர் என்ன செய்வார்? வேலை முடிய எந்தப் பட்டனை அழுத்த வேண்டுமோ அதை அழுத்துவார். பிறகு சிங்க முத்திரை போட்ட ஒரு பக்கம் வந்து ஆதார் எண், ஏ.டி.எம். கார்டு எண், பின் எண் கேட்டிருக்கும். அதற்குப்பின் வருகிற ஓ.டி.பி.யை அவர் யாருக்கும் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. ஆப் தானே படித்து அனுப்பிவிடும். 'ஓ.டி.பி.யை யாரிடமும் சொல்லாதே' என்று நீங்கள் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருப்பீர்கள். அவர் சொல்லவில்லை. அதனால்தான் தன்மேல் என்ன தப்பு என்று அவருக்கே புரியாமல் உட்கார்ந்திருக்கிறார்.

மாமாவும் இப்படித்தான் சிக்கியிருப்பார். அந்த ஆப் அவருடைய வாட்ஸ்அப்பிலிருந்து அவருக்குத் தெரியாமலே எல்லோருக்கும் போயிருக்கும். உங்கள் அப்பாவின் எண்ணிலிருந்தும் இதே ஃபைல் ஊரில் பல பேருக்குப் போயிருக்க வாய்ப்பு உண்டு. டீக்கடைக்குப் போகாமல் இருப்பதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். மெதுவாகக் கேட்டுப் பாருங்கள்.

போனைப் பிடுங்கியதில் எனக்கு உடன்பாடு இல்லை. கோபத்தில் எந்தப் பிள்ளையும் செய்கிற காரியம்தான், அண்ணனைக் குறை சொல்லவில்லை. ஆனால் கடைமடையில் விவசாயம் பார்க்கிற ஒருவருக்கு அந்த போன் வெறும் பொழுதுபோக்கு இல்லை. அணை திறக்கிற ஜூன் 12 நெருங்கும்போது மேட்டூரில் எத்தனை அடி, கல்லணையில் எந்த ஆற்றில் எவ்வளவு விடுகிறார்கள், தண்ணீர் நம் வாய்க்காலுக்கு என்று வந்து சேரும் என்று பார்ப்பது அதில்தான். தண்ணீர் விடும் முறை மாறினால் குரூப்பில் குரல் பதிவு வருவது அதில்தான். கதிர் சாயும் நேரத்தில் வங்கக் கடலில் தாழ்வு நிலை என்றால் அறுவடை மெஷினுக்கு அலைவதா, இரண்டு நாள் பொறுப்பதா என்று முடிவெடுப்பது அதைப் பார்த்துத்தான். 2018லிருந்து தமிழக அரசின் உழவன் செயலி இருக்கிறது. மானியம், விதை இருப்பு, பயிர்க் காப்பீடு எல்லாம் அதில் பார்க்கலாம். இதையெல்லாம் இனி அவர் அடுத்தவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். வரப்பில் நின்று பத்துப் பேருக்குச் சொன்னவர் பத்துப் பேரிடம் கேட்கிற நிலை. பணம் போனதைவிட இது அவரை அதிகமாக வாட்டும்.

பிரிக்க வேண்டியது அப்பாவையும் போனையும் இல்லை, நெல் பணத்தையும் வாட்ஸ்அப்பையும். இரண்டும் ஒரே சிம்மில், ஒரே கருவியில் இருந்ததுதான் வினை. அப்பாவுக்கே இதைச் சொல்வதென்றால், நாற்றங்காலுக்கும் நடவு வயலுக்கும் தனித்தனி மடை வைப்பது போல என்று சொல்லுங்கள், பட்டென்று பிடித்துக்கொள்வார். இதற்கு அண்ணன் வாங்கிக் கொடுத்த பட்டன் போனே போதும்.

அப்பாவின் பழைய சிம் இனி அந்த பட்டன் போனில் இருக்கட்டும். பேங்கிலும் ஆதாரிலும் பி.எம். கிசானிலும் கொள்முதல் நிலையத்திலும் பதிந்திருப்பது அந்த எண்தான், ஒன்றையும் மாற்ற வேண்டாம். ஓ.டி.பி. எல்லாம் பட்டன் போனுக்கு வரும். அதில் யார் எந்த ஏ.பி.கே. அனுப்பினாலும் ஏறாது. ஜியோ சிம்மாக இருந்தால் சாதாரண பட்டன் போனில் சிக்னல் எடுக்காது, 4ஜி பட்டன் போன்தான் வேண்டும், பார்த்துக்கொள்ளுங்கள். சிம் சின்னதாக இருந்தால் அடாப்டர் எந்தக் கடையிலும் கிடைக்கும்.

ஸ்மார்ட்போனுக்கு அப்பா பெயரிலேயே ஒரு புது சிம். வாட்ஸ்அப் செட்டிங்ஸில் எண்ணை மாற்றும் வசதி இருக்கிறது. அதன் வழியாக மாற்றினால் குரூப்புகள் அப்படியே வரும், தெரிந்தவர்களுக்குப் புது எண் போய்ச் சேரும். உரம், டீசல், மளிகை என்று ஜி பேயில் கொடுத்துப் பழகியவர் என்றால், புது எண்ணில் ஒரு சின்னக் கணக்கு போதும். தபால்காரரிடம் சொன்னால் வீட்டுக்கே வந்து இந்தியா போஸ்ட் பேமெண்ட்ஸ் வங்கியில் கணக்கு திறந்து தருவார். அதில் மூவாயிரமோ ஐயாயிரமோ கிடக்கட்டும், தீர்ந்தால் பெரிய கணக்கிலிருந்து அப்பாவே பேங்கில் எடுத்துப் போட்டுக்கொள்வார். என்ன நடந்தாலும் நஷ்டம் அதோடு நிற்கும்.

இங்கே பலரும் இடறுகிற ஒரு இடம் இருக்கிறது. புதுக் கணக்கு திறக்கும்போது 'மானியம் இந்தக் கணக்குக்கு வரட்டுமா' என்று ஆதாரை இணைக்கச் சம்மதம் கேட்பார்கள். சரி என்று விரல் வைத்துவிட்டால் பி.எம். கிசான் தவணை பழைய கணக்கைவிட்டுப் புதுக் கணக்குக்கு மாறிவிடும். பணம் வரவில்லை என்று அப்பா வேளாண்மை அலுவலகத்துக்கும் இ-சேவை மையத்துக்கும் நடையாய் நடப்பார். கணக்கு திறக்க ஆதார் கொடுக்கலாம், மானியத்துக்கான இணைப்பு வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லுங்கள். திறக்கும் நேரத்தில் நீங்கள் கூட இருப்பது நல்லது.

பெரிய கணக்கின் ஏ.டி.எம். கார்டு எண் திருடர்களிடம் போய்விட்டது. கணக்கை மறுபடி திறக்கும் முன் அந்தக் கார்டை ரத்து செய்யச் சொல்லி, அந்தக் கணக்கில் யு.பி.ஐ.யும் நெட் பேங்கிங்கும் வேண்டாம் என்று எழுதிக் கொடுங்கள். பாஸ்புக்கும் கையெழுத்தும் போதும். கொள்முதல் பணம் அதில் ஏறும், பயிர்க்கடன் அதில் கட்டப்படும், அதைத் தாண்டி அந்தக் கணக்குக்கு வேலை இல்லை.

ஆதாரில் கைரேகையைப் பூட்டிவைக்கச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள். நல்ல வசதிதான், ஆனால் பூட்டினால் ரேஷன் கடையில் விரல் வைத்தால் எடுக்காது, விரல் கேட்கிற எந்த இடத்திலும் எடுக்காது. ஒவ்வொரு தடவையும் திறந்து மூட வீட்டில் ஆள் இல்லாதபோது இந்த ஏற்பாடு அப்பாவுக்குத் தொல்லையாகத்தான் முடியும். நான் வேண்டாம் என்பேன்.

பீரோவில் இருக்கிற போனை அப்படியே எடுத்து அவரிடம் கொடுத்துவிடாதீர்கள். அந்த ஆப் இன்னும் உள்ளேதான் இருக்கிறது, பெரும்பாலும் அதன் படம் திரையில் தெரியாதபடி ஒளிந்திருக்கும். முதலில் சிம்மைக் கழற்றுங்கள். போனை ஆன் செய்ததும் ஏரோப்ளேன் மோடில் போட்டு, வைஃபையும் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். மாமாவிடமிருந்து வந்த செய்தி, ஃபைலின் பெயர், வந்த நேரம், பணம் போன எஸ்.எம்.எஸ். எல்லாவற்றையும் வேறொரு போனால் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சைபர் க்ரைமில் கேட்பார்கள். அவர்கள் போனையே பார்க்க வேண்டும் என்றால், அதன் பிறகுதான் மற்ற வேலை. போட்டோக்களை மட்டும் கேபிள் போட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டு, போனை முழுக்க அழித்துப் புதிது போல ஆக்குங்கள். அவருடைய கூகுள் கணக்கின் பாஸ்வேர்டை உங்கள் போனிலிருந்தே மாற்றிவிடுங்கள்.

திரும்ப ஆன் செய்யும்போது முதலில் மொழியைத் தமிழுக்கு மாற்றுங்கள். அந்தச் சுவிட்சின் மேல் தமிழில் எழுதியிருந்தால் ஒரு நொடியாவது நின்றிருப்பார் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பெற்றவர்களுக்கு போன் வாங்கிக் கொடுக்கிறோம், கடைக்காரர் ஆங்கிலத்தில் போட்டுத் தந்ததை அப்படியே விட்டுவிடுகிறோம். அடுத்து, செட்டிங்ஸில் தெரியாத ஆப்களைப் போடும் அனுமதி என்ற பகுதிக்குப் போய் வாட்ஸ்அப், குரோம், ஃபைல்ஸ் என எல்லாவற்றுக்கும் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். பிளே ஸ்டோரில், கெட்ட ஆப்களைக் கண்டுபிடிக்கிற பிளே ப்ரொடெக்ட் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் ஃபைல்கள் தானாக இறங்குவதை நிறுத்தி, இரட்டைச் சரிபார்ப்புப் பின் எண்ணையும் போடுங்கள், அந்த எண் அப்பாவுக்குத் தெரிந்திருக்கட்டும். இவ்வளவையும் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, விரலை அவருடையதாக வைத்துச் செய்யுங்கள். நீங்கள் செய்து முடித்து நீட்டினால் அது உங்கள் போன் ஆகிவிடும்.

அவருக்கு நீங்கள் சொல்லித்தர வேண்டியது கொஞ்சம்தான். யார் அனுப்பினாலும், நானே அனுப்பினாலும், வாட்ஸ்அப்பில் வருகிற எதையும் போனில் ஏற்றக் கூடாது. ஆப் வேண்டுமென்றால் பிளே ஸ்டோர், கேஒய்சி வேண்டுமென்றால் இ-சேவை மையம். கரண்ட் பில் கட்டவில்லை, இன்று இரவு ஃபியூஸ் பிடுங்குவார்கள் என்று வந்தால் நேராக மின்வாரிய அலுவலகம். அரசிடமிருந்து வருகிற எஸ்.எம்.எஸ்.ஸின் அனுப்புநர் பெயர் இப்போது ஜி என்ற ஆங்கில எழுத்தில் முடியும், பேங்கின் சேவைச் செய்தி எஸ் என்று முடியும். பத்து இலக்க எண்ணிலிருந்து 'அரசு' எஸ்.எம்.எஸ். வந்தால் நம்ப வேண்டாம். 'தெரியாத எண்ணை நம்பாதே' என்ற பழைய பாடத்தை மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள், அவரை ஏமாற்றியது தெரிந்த எண்.

அண்ணன் சொல்கிற கண்காணிப்பு ஆப் வேண்டவே வேண்டாம். வேறு இடத்திலிருந்து திரையைப் பார்க்கிற எனி டெஸ்க் மாதிரியான ஆப்களை மோசடிக்காரர்களே ஏமாளிகள் போனில் போடச் சொல்கிறார்கள். ஒரு கதவை அடைக்கிறோம் என்று இன்னொன்றைத் திறந்து வைப்பதில் பாதுகாப்பு இல்லை. அதோடு, அறுபத்தொன்பது வயது மனிதர் யாரோடு பேசுகிறார், என்ன பார்க்கிறார் என்று பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருப்பது அவருக்குத் தெரிந்தால் போனைத் தொடவே மாட்டார். தெரியாமல் போட்டால் அது இன்னும் மோசம். மூன்றரை ஏக்கரையும் கடனையும் ஆளையும் சமாளித்து உங்களைப் படிக்கவைத்தவர் அவர். உங்கள் கணக்கிலிருந்து அவர் செலவழிக்க, நீங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒப்புதல் தருகிற யு.பி.ஐ. சர்க்கிள் என்ற வசதியும் இருக்கிறது. படிக்கிற பிள்ளைக்கு நல்லது, இவருக்குப் பொருந்தாது. சொந்தப் பணத்தைச் செலவழிக்க மகளிடம் அனுமதி கேட்கச் சொல்லாதீர்கள்.

போன் தயாரானதும் ஒரு காரியம் செய்யச் சொல்லுங்கள். ஊர் குரூப்பில் அப்பாவே தன் குரலில் பதிவு போடட்டும்: 'பி.எம். கிசான்னு ஒரு ஃபைல் வந்துச்சு, நான் தொட்டு ஏமாந்துட்டேன். என் நம்பர்லேருந்து உங்களுக்கும் வந்திருக்கும், யாரும் தொடாதீங்க. தொட்டவங்க உடனே 1930க்கு போன் பண்ணுங்க.' தயங்குவார். வற்புறுத்த வேண்டாம், இரண்டு நாள் கழித்து மறுபடி சொல்லிப் பாருங்கள். பி.எம். கிசானின் ஒவ்வொரு தவணை நேரத்திலும் இந்த ஃபைல் புதுப் பெயரில் திரும்ப வருகிறது. ஊரில் இன்னும் தொடாதவர்கள் இருப்பார்கள், அவர்கள் உங்களையோ என்னையோ நம்புவதைவிட அவரை நம்புவார்கள். முடிந்தால் மாமா வீட்டுக்கும் அப்பாவோடு போய்வாருங்கள். அந்த வீட்டிலும் பணம் போயிருக்கும், வெளியே சொல்லாமல் இருப்பார்கள். 'நீங்கதான் அனுப்புனீங்க' என்ற பேச்சு எடுக்காமல், இரண்டு பேரும் சேர்ந்தே புகார் கொடுக்கப் போகலாம்.

அண்ணனிடம் பேசும்போது, அவர் வாங்கிக் கொடுத்த பட்டன் போன் வீணாகவில்லை, பெரிய கணக்கின் சாவியே அதில்தான் இருக்கப்போகிறது என்று முதலில் சொல்லுங்கள். சென்னையிலிருந்தே அவர் செய்யக்கூடிய வேலையும் ஒன்று இருக்கிறது. எழுதிக் கொடுத்து 30 நாளாகியும் பேங்க் பதில் தராவிட்டாலும், தந்த பதில் சரியில்லாவிட்டாலும், ரிசர்வ் வங்கியின் ஒம்புட்ஸ்மேன் என்ற குறைதீர்ப்பாளருக்கு ஆன்லைனில் புகார் போடலாம். கட்டணம் கிடையாது. சந்தேகம் இருந்தால் 14448 என்ற எண்ணில் கேட்கலாம். 1930இல் தந்த புகார் எண், பேங்க் முத்திரை போட்ட கடிதம், பாஸ்புக்கில் மூன்று தடவை பணம் போன பதிவும் தெரிகிற பக்கம், மூன்றையும் படம் எடுத்து அண்ணனுக்கு அனுப்பிவிடுங்கள். பாஸ்புக்கில் பதிவு போடாமல் இருந்தால், பேங்குக்குக் கடிதம் கொடுக்கப் போகிற அன்றைக்கே போட்டு வாங்கிவிடுங்கள்.